நோணாங்குப்பத்துப் பாலத்தில் நடந்தது விளையாட்டு இல்லை

என் மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய செய்தியை இதோடு பத்துத் தடவையாவது படித்திருப்பேன். "அப்பா, வண்டி பிரேக் கீச்சு கீச்சுனு கத்துது. கம்பெனி சர்வீஸ்ல பதினோராயிரத்துச் சொச்சம் எஸ்டிமேட் குடுத்துட்டான். வெளிய ஒரு மெக்கானிக்கு நாலாயிரம்ங்கிறாரு. ஆன்லைன்ல பேட் மட்டும் எழுநூத்தம்பது. ஆர்டர் போட்டுட்டேன், சனிக்கிழமை வந்துரும். நானே மாட்டிடலாம்னு இருக்கேன். நீ என்னா சொல்ற?" என்று கேட்டிருந்தாய். நான் யோசிக்கவே இல்லை. "எழுநூத்தம்பதுக்கே நிக்கிற வண்டிய எதுக்குடா பதினோராயிரம் குடுத்து நிறுத்தணும்?" என்று தட்டி, சிரிக்கிற பொம்மை மூன்று போட்டு அனுப்பிவிட்டேன். நீ ஐந்து பொம்மை திருப்பி அனுப்பினாய். அதற்குக் கீழே ஒரு வரி: "வர ஞாயிறு நித்யாவுக்கு வளைகாப்பு, கோத்தகிரில அவங்க அம்மா வீட்ல, சின்னதா. காலைல மேல ஏறிட்டு சாயங்காலமே எறங்கிடுவோம்." அந்த வரியைப் படித்த பிறகு கையிலிருந்த காபியை நான் குடிக்கவில்லை.

நேற்று போன் செய்தேன் அல்லவா? அதற்காகத்தான் செய்தேன். "தம்பி, அந்தப் பேட மாட்டாத" என்றேன். "ஏன்பா?" என்றாய். "பயமா இருக்குடா" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "யாரு, உனக்கா? சரி சரி, என்னா பிளான் வச்சிருக்க, சொல்லிடு" என்றாய். நானும், "ச்சே, கண்டுபிடிச்சிட்டியா" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. உன் டிபன் டப்பாவில் இட்லிக்குப் பதிலாகப் பஞ்சை வட்டமாக வெட்டி வைத்து, மேலே பொடி தூவி அனுப்பியவன் நான். உன் பெரிய மாமா பிரான்சிலிருந்து கொண்டுவந்த சென்ட் பாட்டிலில் ரசத் தெளிவை ஊற்றி வைத்தவன் நான். ஆயுசு முழுக்கப் பொய்யாகப் பயமுறுத்தியவன் ஒருநாள் நிஜமாகப் பயந்தால் யார் நம்பப் போகிறார்கள்? அதனால்தான் பேனாவை எடுத்தேன். போனில் என் வாய் முந்திக்கொள்ளும். இங்கே புதுச்சேரி மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முப்பது வருஷம் பாட்டில் மூடி கம்பெனியில் மெஷின் பார்த்தேன். ஊரில் உள்ள பாட்டிலுக்கெல்லாம் மூடி போட்ட நான் என் வாய்க்கு ஒரு மூடி செய்து வைக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் பதினேழு வருஷமாக இறுக்கி மூடி போட்டு வைத்திருக்கிறேன். அதை இன்றைக்குத் திறந்தாக வேண்டும்.

போன மாதம் நீயும் நித்யாவும் வந்திருந்தபோது, நாம் நான்கு பேரும் நூறடி ரோட்டில் போனோம். அம்மாவும் நானும் பின்சீட்டில். சிக்னல் சிவப்பாகிவிட்டது, முன்னால் ஒரு லாரி நிற்கிறது. நீ வேகத்தைக் குறைக்கவே இல்லை. லாரியின் பின்பக்கத்தில் எழுதியிருந்த "பாதுகாப்பான இடைவெளி விடவும்" என்ற எழுத்து என் கண்ணுக்கு முன்னால் பெரிதாகிப் பெரிதாகி வந்தது. கடைசி நொடியில் மிதித்தாய். கீச்சென்று நின்றது. நித்யாவின் இரண்டு கையும் வயிற்றின் மேல் போய் விழுந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். நீ அவள் பக்கம் திரும்பி, "பயந்துட்டியா? சும்மா, வெளாட்டு!" என்றாய். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கண் அடித்து, "அப்பா ஸ்டைலு! நோணாங்குப்பம் ஸ்டைலு!" என்றாய். உன் அம்மா, "அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கு பாரு" என்று திட்டினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். முகம் மட்டும் சிரித்தது. கால் இரண்டும் முன்சீட்டை உதைத்துக்கொண்டு விறைத்துப் போயிருந்தது. வீட்டுக்கு வந்து இறங்கும்போது முட்டி மடங்கவில்லை. "வயசாயிடுச்சுப்பா உனக்கு" என்று நீ கை கொடுத்து இறக்கினாய்.

நோணாங்குப்பம் கதையை நீ எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உன் காலேஜ் சிநேகிதர்களிடம் சொல்லியிருக்கிறாய். பெண் பார்க்கப் போன இடத்தில், நித்யாவின் அப்பா முன்னால் உட்கார்ந்து சொன்னாய். எங்க அப்பா பாலத்துலேருந்து எறங்கும்போது பிரேக் புடிக்காத மாதிரி நடிச்சு, எங்க அம்மாவைக் கத்தவிட்டு, மணல்ல கொண்டுபோய் நிறுத்தினாரு என்று. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். மலைக்காரர் அவர், பிரேக்கை வைத்து விளையாடுகிற ஆளைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. தம்பி, நான் நடிக்கவில்லை. அன்றைக்குப் பிரேக் பிடிக்கவில்லை. அது பிடிக்காமல் போனதற்குக் காரணம் விதியோ கம்பெனியோ மெக்கானிக்கோ இல்லை. நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்போது நம்மிடம் இருந்தது அந்தப் பழைய வெள்ளை வண்டி. உனக்குப் பன்னிரண்டு வயசு. அதற்கும் இரண்டு வருஷம் முன்னால் வண்டியைக் கம்பெனி சர்வீசுக்கு விட்டபோது, கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பையன் வந்து, "சார், பிரேக் பேட் பாதி தேஞ்சிடுச்சு. சேஃப்டி விஷயம் சார், குடும்பத்தோட போறீங்க" என்றான். பேட் என்பது, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்துகிற கட்டை, அவ்வளவுதான். குடும்பம் என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் தலையாட்டிவிட்டேன். பில் வந்தபோதுதான் வயிறு எரிந்தது. நம் ஊரில் யாரும் பழைய சாமானைக் கேட்டு வாங்காமல் ஒர்க்ஷாப்பை விட்டு வரமாட்டார்கள். மாற்றினானா இல்லையா என்பதற்கு அதுதான் சாட்சி. நானும், "பழசக் குடு" என்று கேட்டேன். புதுசு வந்த அட்டைப்பெட்டியிலேயே பழசைப் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் பிரித்துப் பார்த்தால் கட்டையில் பாதிக்கு மேலேயே மிச்சம் இருந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இவன் எனக்குப் பேட் விற்கவில்லை, பயத்தை விற்றிருக்கிறான் என்று நினைத்தேன். இனிமேல் எவனிடமும் பயத்தை வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். பெட்டியை வண்டி டிக்கியிலேயே போட்டு வைத்தேன், என்றைக்காவது உதவும் என்று.

அந்த டிக்கியில்தான் உன் பெரிய மாமா ஏறினார். அவர் ஏறவில்லை, அவர் சாமான் ஏறியது. வருஷா வருஷம் லீவுக்கு வந்து திரும்பும்போது அவர் பாரீசுக்குக் கொண்டுபோகாத பொருள் இந்த மண்ணில் கிடையாது: வத்தல், வடகம், மிளகாய்த்தூள், அப்புறம் ஒரு டின் செக்கு நல்லெண்ணெய். காலையில் என்னைப் பார்த்ததும், "சாவா மச்சான்?" என்பார். பிரெஞ்சில் சௌக்கியமா என்று அர்த்தம். "இன்னும் இல்ல மச்சான், உங்க சாமானத் தூக்கினா நடந்துரும்" என்பேன் நான். அந்த வருஷம் அவரைச் சென்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டு வந்தோம். டின்னின் மூடி சரியில்லை. மூடி கம்பெனிக்காரன் வண்டியிலேயே மூடி சரியில்லை பார்! திண்டிவனம் தாண்டும்போதே வாசனை வந்தது. "மச்சான், எண்ண கொட்டுதா?" என்றேன். "பரவால்ல மச்சான், வண்டிக்கும் எண்ணக் குளியல் வேணும்ல" என்றார். டிக்கி விரிப்பெல்லாம் நனைந்து, அந்த அட்டைப்பெட்டியும் ஊறிப்போயிருந்தது. மறுநாள் நான் விரிப்பைக் காயப்போட்டேன். பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. உள்ளே இருந்த நாலு கட்டைகளையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, மாடியில் உன் அம்மா காயவைத்த வடகத்துக்குப் பக்கத்திலேயே வெயிலில் வைத்தேன். நாலு நாளில் சுத்தமாகக் காய்ந்துவிட்டது. காய்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்புறம் சில மாதத்தில் வண்டி கத்த ஆரம்பித்தது. உன் வண்டி இப்போது கத்துகிறதே, அதே மாதிரி. கம்பெனிக்குப் போனேன். அதே கழுத்துப்பட்டை, வேறு பையன். இந்தத் தடவை பேட் மட்டும் போதாதாம், இரும்புத் தட்டையும் மாற்ற வேண்டுமாம். எஸ்டிமேட் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக மேட்டுப்பாளையத்தில் சவரியின் ஷெட்டுக்குப் போனேன். சவரியை உனக்கு ஞாபகம் இருக்கும், காதில் பென்சில் செருகியிருப்பானே, அவன்தான். சக்கரத்தைக் கழற்றி, தட்டை விரலால் தடவிப் பார்த்து, "தட்டு நல்லாத்தான்ணே இருக்கு, இத மாத்தச் சொன்னானா? பேட் மட்டும் தேஞ்சிருக்கு. நல்ல கம்பெனி பேடா ஸ்பேர் பார்ட்ஸ் கடைல வாங்கிக்கினு வா, மாட்டித் தரேன்" என்றான். அவன் சொன்ன கணக்கு, எஸ்டிமேட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அங்கேயே நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. எனக்கு மூன்றில் ஒரு பங்கு போதவில்லை. சும்மா கிடைக்கும்போது அதை மட்டும் எதற்குக் கொடுக்க வேண்டும்?

டிக்கியைத் திறந்து பெட்டியை எடுத்து நீட்டினேன். சவரி கட்டையை மூக்கருகே கொண்டுபோனான். "என்னண்ணே இது, வண்டிக்கா தோசைக்கா?" என்றான். நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "இது ஸ்பாஞ்சு மாதிரிண்ணே. எண்ணெயக் குடிச்சிருச்சினா அவ்ளோதான். மேல காஞ்சிருக்கும், சூடு ஏறினா உள்ளாற இருக்கிறது வெளிய வரும். நான் மாட்டமாட்டேன்" என்றான். "மண்ணெண்ணெயில கழுவிட்டேன்டா" என்றேன். "ஆசிட்ல கழுவினாலும் மாட்டமாட்டேன். காசு இல்லன்னா சொல்லு, நானே வாங்கிப் போடறேன், அப்புறமா குடு." அந்தக் கடைசிப் பேச்சுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது. காசில்லாதவன் என்று நினைத்துவிட்டானே! "உனக்கும் அந்தக் கழுத்துப்பட்டைக்கும் என்னாடா வித்தியாசம்? அவன் இங்கிலீஷ்ல பயமுறுத்துறான், நீ தமிழ்ல பயமுறுத்துற" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மெஷின்களைக் கழற்றிப் பூட்டுகிறவன் நான். இதென்ன பெரிய வித்தை? வாசலில் ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, ஒரு மணி நேரத்தில் மாட்டினேன். நீ பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாய். "சூப்பர்ப்பா, கம்பெனிக்காரன் தோத்தான்" என்றாய். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தோம். நின்றது. கத்தல் இல்லை. என்னைவிடச் சந்தோஷமான மனிதன் அன்றைக்குப் புதுச்சேரியில் இருந்திருக்க மாட்டான்.

இதில் ஒரு விஷயத்தை நீ கவனிக்க வேண்டும். நம் ஊர் தட்டையான ஊர். கோடு போட்ட மாதிரி தெரு, முக்குக்கு முக்குத் திருப்பம், முப்பதுக்கு மேல் வேகம் எடுக்க வழியில்லை. இங்கே கெட்டுப்போன பிரேக்கும் நல்ல பிரேக் மாதிரியே நடந்துகொள்ளும். மூன்று நாள் மார்க்கெட்டுக்கும் வேலைக்கும் ஓட்டினேன்; மிதிக்கும்போது ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் இழுத்தது. வண்டி அப்படித்தான் எனக்குச் சொல்லிப் பார்த்தது. நான் காது கொடுக்கவில்லை. டயரில் காற்று குறைச்சல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் மறுபடி சவரி கடை வழியாக வந்தபோது, அவன் எழுந்து வந்து கையைக் காட்டினான். "அண்ணே, அதையா மாட்டியிருக்க?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டான். "நின்னுட்டேன் பாரு, வேலை செய்யுது" என்று அவன் கால் விரலுக்கு முன்னால் நிறுத்திக் காட்டிவிட்டுப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடலூரில் ஒரு கல்யாணம். முடித்துவிட்டு மத்தியானம் திரும்பிக்கொண்டிருந்தோம். நீ நோணாங்குப்பம் போட் ஹவுசுக்குப் போகணும், படகில் ஏறி பாரடைஸ் பீச் போகணும் என்று வழி முழுக்கப் படுத்தினாய். நேரமாகிவிடுமே என்று வேகமாக வந்தேன். ஊருக்கு ஊர் வேகத்தடை; ஒவ்வொன்றுக்கும் மிதித்து மிதித்து, கட்டை நன்றாகச் சூடேறியிருக்கிறது. உன் அம்மா, "எங்கியோ வட சுடறாங்க, எண்ண வாசன வருது" என்றாள். நீ, "எனக்கும் வட வேணும்" என்றாய். எனக்கு அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. அப்போதே ஓரம் கட்டியிருக்கலாம். கட்டினால் காரணம் சொல்ல வேண்டும். இன்னும் பத்து நிமிஷம்தானே, மெதுவாகப் போய்விடலாம் என்று நினைத்தபோது வண்டி பாலத்தின் உச்சியில் இருந்தது.

இறக்கத்தின் முடிவில் டவுன் பஸ் ஒன்று நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. மிதித்தேன். கால் கல்லை மிதித்த மாதிரி கெட்டியாக நின்றது. வண்டி மட்டும் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். எதுவும் ஆகவில்லை. அந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி தன் பாட்டுக்குப் போகிறது, என்னை யாரும் கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் வண்டிகள் வருகின்றன, வலது பக்கம் திருப்ப முடியாது. நேராகப் போனால் பஸ். இடது பக்கம் மண் ஓரம். அங்கே பின்படியில் இறங்கிய ஓர் அம்மா, அன்னக்கூடையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நான் இடது பக்கம்தான் ஒடித்தேன். அவள் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஒடித்தேன், தம்பி. இதை எழுத எனக்கு இவ்வளவு நேரம் ஆனது. பஸ்ஸில் மோதினால் முன்சீட்டில் உன் அம்மா, பின்னால் நீ. மண்ணில் போனால் அவள். அந்த இமைப்பொழுதில் என் கை அவளைத் தேர்ந்தெடுத்தது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். மணல் ஆழமாக இருந்ததால் சக்கரம் புதைந்து, வண்டி அவளுடைய கூடையைத் தொட்டு நின்றது. அவளுக்கும் பம்பருக்கும் நடுவில் அந்தக் கூடை மட்டும்தான் இருந்தது.

உன் அம்மா கத்திக்கொண்டே இருந்தாள். நீ பின்சீட்டில் வாயைத் திறந்தபடி, நிறமே இல்லாத முகத்தோடு இருந்தாய். உன் உதடு அழப்போகிற மாதிரி கோணியது. அப்போதுதான் என் வாய் அதுவாகவே பேசியது: "பயந்துட்டீங்களா? சும்மா, வெளாட்டு!" உன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். நீ கை தட்டினாய். "சூப்பர்ப்பா! இன்னொரு தபா!" என்றாய். வெளியே அந்த அம்மா திரும்பி ஜன்னலுக்கு வந்துவிட்டாள். "யோவ், பொண்டாட்டி புள்ளய வச்சிக்கினு வெளாட்டாய்யா உனுக்கு? எம்புள்ளைங்களுக்கு யாருய்யா சோறு போடுவா, நீயா போடுவ?" என்று கேட்டாள். வைத்திக்குப்பத்திலிருந்து மீன் எடுத்து நோணாங்குப்பத்தில் விற்கிறவளாம். பஸ்ஸில் இருந்தவர்கள் சொன்னார்கள். நான் கும்பிட்டேன். அவள் குனிந்து என் காலைப் பார்த்தாள். நின்றுவிட்ட வண்டியில் அது இன்னும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு மட்டும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

உங்கள் இரண்டு பேரையும் படகுக்கு அனுப்பிவிட்டு, டயர் மணலில் சிக்கிவிட்டது, ஆள் வைத்துத் தள்ளுகிறேன் என்று பொய் சொன்னேன். நீ படகிலிருந்து கையாட்டினாய். நான் சவரிக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தான். சக்கரத்தைக் கழற்றியதும் கட்டையின் மேல் எண்ணெய் வேர்வை மாதிரி பூத்திருந்தது. நான் பேசிய பேச்சையெல்லாம் திருப்பிக் கொடுக்க அவனுக்கு அது நல்ல நேரம். அவன் நேராக வேலையைப் பார்த்தான். தட்டை மணல்தாள் போட்டுத் தேய்த்து, கையோடு கொண்டுவந்த புதுப் பேடை மாட்டி, பழசை என் கையில் கொடுக்காமல் அவனே பையில் போட்டுக்கொண்டான். "வீட்ல சொல்லிட்டியாண்ணே?" என்று மட்டும் கேட்டான். "வெளாட்டுன்னு சொல்லிட்டேன்" என்றேன். "அப்ப அது புள்ளைக்கு வெளாட்டாவே இருக்கட்டும்னு உட்டுருவியா?" என்றான். விட்டுவிட்டேன். உன் அம்மா ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை, அந்த வேடிக்கைக்காக. உண்மை தெரிந்தால் என்ன நடந்திருக்குமோ என்று பயந்து, ஒன்பது நாள் மலிவு என்று வாங்கிக்கொண்டேன். எதிலும் மலிவைத் தேடுகிறவன் அதிலும் மலிவைத்தான் தேடியிருக்கிறேன்.

அதற்கான விலை நூறடி ரோட்டில் என் கண்முன்னால் வந்து நின்றது. நான் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் உனக்குப் பிரேக் என்றாலே ஒரு மரியாதை வந்திருக்கும். கடைசி நொடி வரை மிதிக்காமல் இருந்துவிட்டு, நின்ற பிறகு சிரிக்கலாம் என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அந்த வாக்கியத்தை நீ நித்யாவிடம் சொன்னபோது, அதே ராகத்தில், அதே வார்த்தைகளில் சொன்னாய். நான் என் பயத்தை மறைக்கச் சொன்ன பொய்யை நீ வீரம் என்று நம்பி வளர்ந்திருக்கிறாய்.

இப்போது உன் கேள்விக்கு ஒழுங்கான பதில். கம்பெனிக்குத்தான் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவன் கேட்கிற பதினோராயிரத்தில் தட்டும் சேர்ந்திருக்கும். தட்டை அளந்து பார்த்தாயா, எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, இருக்க வேண்டியது எத்தனை என்று அவன் முன்னால் நின்று கேள். அளக்காமல் மாற்றச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வா. நாலாயிரம் சொல்கிற மெக்கானிக் நல்லவராக இருக்கலாம். எந்தக் கடையில் பேட் வாங்குகிறார், பில் தருவாரா, மாட்டிய பிறகு தானே ஓட்டிப் பார்ப்பாரா என்று கேள். ஏதாவது ஒன்றுக்கு, "இத நான் மாட்டமாட்டேன்" என்று சொல்கிற ஆளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வண்டியைக் கொடு; அப்படிச் சொன்ன ஆளைத்தான் நான் கேலி செய்துவிட்டு வந்தேன். ஆனால் அந்த எழுநூத்தம்பது வேண்டாம். பெட்டியின் மேல் அச்சடித்த பேர் நிஜமா, உள்ளே இருப்பது கட்டையா வெறும் அட்டையா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பு. நீயே மாட்டவும் வேண்டாம். வாசலில் மாட்டி, தெருமுனை வரை ஓட்டிப் பார்த்து, நிற்கிறது என்று சந்தோஷப்பட்டவன் சொல்கிறேன்: தெருமுனையில் எல்லாமே நிற்கும்.

கோத்தகிரிப் பாதையில் ஓரத்தில் மணல் கிடையாது. இதைத்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிட உட்கார்ந்தாலும் அந்த இறக்கம்தான் வருகிறது. ஒரு வளைவு, அதற்குக் கீழே இன்னொரு வளைவு. நீ மிதித்துக்கொண்டே இறங்குகிறாய், கட்டை சூடேறுகிறது, நித்யா ஏதோ வாசனை வருகிறது என்கிறாள். அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி முதல் வளைவிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏழு மாதக் கர்ப்பிணி, கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு, பக்கத்துச் சீட்டில் உன்னை நம்பி உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு உன் அம்மாவும் என்னை நம்பித்தான் உட்கார்ந்திருந்தாள். எண்ணெயில் ஊறிய கட்டை போட்ட வண்டி என்று சொல்லியிருந்தால் அவள் உன்னையும் கூட்டிக்கொண்டு பஸ்சில் வந்திருப்பாள். நான் அவளிடம் சொல்லவே இல்லை. ஏறலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற பேச்சே அவளிடம் போகவில்லை. பிரேக் பிடிக்காமல் போனதைவிட அதுதான் பெரிய தப்பு என்று இந்த வயசில் எனக்குப் படுகிறது.

அதனால் இந்தக் கடிதத்தை நித்யாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டு. நீ சுருக்கிச் சொல்லாதே. சுருக்கினால் வேடிக்கைக் கதையாகிவிடும், உனக்கும் என் வாய்தான். வண்டியில் போகிறாளா, பஸ்சில் போகிறாளா என்று அவள் சொல்லட்டும். அவள் பஸ் என்றால் நீயும் பஸ்சில் போ, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அப்பா

இதுவரை எழுதி, இன்றைக்கே கூரியரில் அனுப்ப ஒட்டுவதற்கு முன்னால் உன் அம்மாவிடம் கொடுத்தேன். பதினேழு வருஷம் கழித்து அவளுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள். எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. படித்து முடித்ததும் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. துணிப்பையோடு வந்தாள். "கோயம்புத்தூருக்கு ரெண்டு டிக்கெட் போடு. வெள்ளிக்கிழம காலைல அங்க இருக்கணும். எந்த மெக்கானிக்கா இருந்தாலும் கழட்டி மாட்றத நான் பக்கத்துல நின்னு பாக்கணும்" என்றாள். "நானும்தான வரேன்?" என்று கேட்டேன். பையை என் பக்கம் தள்ளினாள். உள்ளே என் சட்டை இரண்டு இருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் வருகிற வரை வண்டியை எடுக்காதே. சாவியை நித்யாவிடம் கொடுத்துவிடு. அவளாகக் கொடுக்கிற வரை நீயும் கேட்க வேண்டாம், நானும் கேட்கமாட்டேன்.